சீட்டில் விழுந்த ஆட்டிறைச்சிக் கறி

எங்கள் தமிழ்ச் சபையின் வருடாந்தப் பிக்னிக்குக்கு ஒருமுறை எல்லோரும் மீன் கட்லட் கொண்டுவந்துவிட்டார்கள். எல்லோரும் என்பது கொஞ்சம் கூடுதல். ஒரு குடும்பம் தர்ப்பூசணி கொண்டுவந்தது. மற்றப் பதினாறு குடும்பங்களும் ஒருவரையொருவர் கேட்காமல், தங்கள் தங்கள் வீட்டில் இருந்து நிதானமாக யோசித்து, கட்லட்தான் சரி என்ற முடிவுக்கு வந்திருந்தன. முதல்நாளே பொரித்து வைக்கலாம். காரில் சிந்தாது. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம். யோசனையில் ஒரு பிழையும் இல்லை. போதகர் கண்ணை மூடி, "விதவிதமான ஆகாரங்களைத் தந்த ஆண்டவரே" என்று வழக்கம்போல் ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். மேசையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை கட்லட் இருந்தது. தர்ப்பூசணிக் குடும்பத்தை அன்று முழுவதும் அரச குடும்பத்தைப் போல நடத்தினோம்.

அடுத்த பிக்னிக் நெருங்கியபோது உணவுப் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி, பொறுப்புகளைப் பிரித்த கூட்டத்துக்கு நான் போகாததுதான். நான் ஒக்லாந்தின் மனுகாவில் ஒரு கண் பரிசோதனை நிலையத்தில் மூக்குக்கண்ணாடி பொருத்திக் கொடுக்கும் வேலை செய்கிறேன். வீட்டில் சமைப்பது என் கணவர். எனக்குச் சோறு வைக்கத் தெரியும், முட்டை பொரிக்கத் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும்போது கொஞ்சம் பதற்றம் வரும்.

யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று நான் ஒரு பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அனுப்பவும் செய்தேன். பத்து நிமிடத்துக்குள் பதினொரு பேர் தங்களுக்குத் தந்தது வேண்டாம் என்றார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கட்லட்தான் வேண்டும்போல் இருந்தது.

போதகர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சிஸ்டர், இது நாம பேசித் தீர்க்கிற விஷயம் இல்ல. அப்போஸ்தலர்களே சீட்டுப் போட்டுத்தான் ஒரு ஆளத் தெரிஞ்செடுத்தாங்க. நாமளும் சீட்டுப் போட்டுரலாம். அப்புறம் யாரும் உங்களக் குறை சொல்ல முடியாது. குறை சொன்னா மேல இருக்கிறவரத்தான் சொல்லணும்."

எனக்கு அது அருமையான ஏற்பாடாகப் பட்டது.

போதகரின் மனைவி சீட்டுகளை எழுதி மடித்துக் காணிக்கைப் பைக்குள் போட்டார். குடும்பத்துக்கு ஒருவராக வரிசையில் வந்து எடுத்தோம். சிலர் எடுக்குமுன் கண்ணை மூடினார்கள். என் முறை வந்தது. சீட்டை விரித்தேன். "ஆட்டிறைச்சிக் கறி – 80 பேர்."

இங்கே மன்னார் அன்ரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபையில் பத்து வருடங்களாக ஆட்டிறைச்சிக் கறி என்றால் அது அவர்தான். நத்தாருக்கு அவர், ஈஸ்டருக்கு அவர், ஞானஸ்நானத்துக்கு அவர். அறுபத்தைந்து வயது. கணவர் தவறிவிட்டார். பாபடோயிட்டோயில் மகனுடைய குடும்பத்தோடு இருக்கிறார். மகன் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலைப் பாதுகாப்பு அதிகாரி. சபை மண்டபத்துப் படியில் மஞ்சள் பட்டி ஒட்டியவர், போதகரின் மைக் வயரை நிலத்தோடு டேப் போட்டு ஒட்டியவர், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது தீயணைப்புச் சிலிண்டரோடு பக்கத்தில் நிற்பவர், எல்லாம் அவர்தான்.

எனக்கு அடுத்ததாகச் சீட்டு எடுத்தவர் அன்ரி. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். சீட்டை என்னிடம் நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு, தங்கச்சி?"

"சலாட், அன்ரி."

"வேறை?"

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். "வேறை ஒண்டும் இல்லை."

"உங்களுக்கு என்ன விழுந்தது?"

சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு சலாட் சீட்டை வாங்கி, நாலாக மடித்து, கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தார்.

"கர்த்தருக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

அவர் சொன்ன விதத்தில், கர்த்தருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது நல்ல விஷயமாகத் தோன்றவில்லை.

நான் நேரே போதகரிடம் ஓடினேன். இரண்டு சீட்டையும் மாற்றிவிடலாம், எல்லோருக்கும் நல்லது என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "இன்னிக்கு உங்களுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் மாத்துவாங்க சிஸ்டர். அப்புறம் மறுபடியும் கட்லட்தான்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவருக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் வேலை. பிக்னிக் சனிக்கிழமை, அவருடைய ஷிஃப்ட் அன்று காலையில்தான் முடியும். ஆனாலும் ஷிஃப்ட் அல்ல அவர் சொன்ன காரணம்.

"ஆறு பேருக்கெண்டால் நான் சமைப்பன். எண்பது பேருக்கெண்டால் அது சமையல் இல்லை, கட்டட வேலை."

ஒரு கிலோ இறைச்சி வாங்கி நானே பரீட்சித்துப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம் வேகவைத்தேன். மகள் இங்கே பிறந்தவள்; நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்றைக்குக் கறி எப்படி என்று கேட்டேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மேலே போய், குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கி வந்தபோதும் அதே துண்டைத்தான் மென்றுகொண்டிருந்தாள். பிறகு அதை ஒரு டிஷ்யூவில் சுற்றி வைத்துவிட்டு, "அம்மா, பிளீஸ், ஜஸ்ட் பை இட்" என்றாள்.

வெட்கத்தை விட்டு மன்னார் அன்ரிக்கு போன் பண்ணினேன்.

"அன்ரி, நீங்கள் பக்கத்திலை நிண்டு சொல்லித் தந்தால் போதும்."

"சீட்டிலை விழுந்தது உங்களுக்குத்தானே, தங்கச்சி. நான் அதிலை கை வைச்சால் அது ஆண்டவருடைய சித்தத்துக்கு எதிர்."

"கை வைக்க வேண்டாம். என்ன போடுறது எண்டு மட்டும் கதைப்பம்."

"ஜெபம் பண்ணிப்போட்டுச் சமையுங்கோ. எல்லாம் சரிவரும்." கொஞ்சம் பொறுத்து, "எண்பது பேருக்குக் கறி காய்ச்ச உங்களிட்டை ஏதனம் இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"வந்து என்ரை கிடாரத்தை எடுத்துக்கொண்டு போங்கோ. அது சித்தத்துக்கு எதிர் இல்லை."

போய் எடுத்து வந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டக்கூடிய அளவு அலுமினியக் கிடாரம். ஒரு காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அதைக் காரின் பின் இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டேன். இல்லாவிட்டால் ஆள் இருப்பதாக நினைத்துக் கார் கீச்சிட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வாரம் நான் சமைக்கப் போவதில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். பாபடோயிட்டோயில் ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. உரிமையாளர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். ஆனால் கடையில் எல்லாம் உண்டு. போன் பண்ணிக் கேட்டேன்.

"அக்கா, கவலையை விடுங்கோ. சனிக்கிழமையிலை எங்களிட்டை ஒரு ஆள் வந்து சமைக்கிறா. அவவின்ரை ஆட்டிறைச்சிக் கறிக்கு நகரத்தின்ரை மற்றப் பக்கம், மாசியிலை இருந்தெல்லாம் சனம் வருது. உங்கடை ஏதனத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து தாங்கோ. சனி காலமை வந்து தூக்கிக்கொண்டு போங்கோ. நீங்கள் காய்ச்சினது எண்டே சொல்லலாம்."

"அப்பிடிச் சொல்லுறது சரியோ?"

"எங்கடை கடையிலை வாங்கினவை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை" என்றார் அவர், சாதாரணமாக.

வெள்ளிக்கிழமை கிடாரத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். மனசு இலேசாக இருந்தது. அந்த நேரத்தில்தான் மாசியில் இருக்கும் புதுத் தம்பதிகளில் கணவன் எனக்கு போன் பண்ணினான். தமிழ்நாட்டுக்காரர்கள். நியூசிலாந்துக்கு வந்து ஐந்து மாதம், சபைக்கு வந்து ஆறு வாரம். அவர்களுக்கு விழுந்த சீட்டு "ரோல்ஸ் – 60."

"அக்கா, சாரி, ஒரு சந்தேகம். ரோல்ஸ் ரெண்டு லேயரா வாங்கணுமா, மூணு லேயரா?"

ரோல்ஸ் என்றால் எங்களுக்கு ஒன்றுதான்: உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தது. வாங்கப் போகிறான் என்பதைக் கேட்டு எனக்கு ஒரு தோழமைகூட வந்தது. எல்லோரும் வாங்கத்தான் செய்கிறோம்.

"மூண்டு நல்லம், தம்பி. மெல்லிசா இருந்தால் கைக்குள்ளேயே பிஞ்சு போகும்."

"அதான்க்கா நானும் வீட்ல சொன்னேன். வாசனை உள்ளதா, இல்லாததா?"

"வாசம் இல்லாட்டில் யார் எடுப்பினம்? வாசம் கட்டாயம் வேணும்."

"சரிக்கா. அறுபது போதுமா?"

"பிள்ளையள் ஆளுக்கு ரெண்டு எடுப்பினம். பாப்பம்."

"சரிக்கா" என்றான், கவலையான குரலில்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கடைக்குப் போனேன். மகள் தன் சிநேகிதிகளோடு நேரே பூங்காவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். பின்பக்கக் கதவுக்குப் போகும் ஒழுங்கையில், துவாயால் மூடிய ஒரு தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்கள் போதகர் வந்துகொண்டிருந்தார். துவாயின் ஓரத்தால் செம்மஞ்சள் நிறத்தில் கேசரி தெரிந்தது. அவருக்குச் சீட்டில் விழுந்தது கேசரி.

இருவரும் நின்றோம்.

"வண்டிக்குக் காத்து அடிக்க வந்தேன், சிஸ்டர்" என்றார்.

"நானும் காத்து அடிக்கத்தான் வந்தனான், ஐயா."

"நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனார். காற்று அடிக்கும் பெட்ரோல் நிலையம் தெருவின் மறுகோடியில் இருந்தது.

பின்கதவைத் தட்டினேன். உரிமையாளர் திறந்தார். உள்ளே புகையும் வெங்காய வாசமும். அடுப்புக்கு முன்னால், தலையில் வலை போட்டு, சேலைக்கு மேல் ஏப்ரன் கட்டி, நான் ஒப்படைத்த கிடாரத்துக்குள் அகப்பையை விட்டுக் கிளறிக்கொண்டு நின்றவர் மன்னார் அன்ரி.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அகப்பையிலிருந்து ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். கொஞ்சம் உப்புப் போட்டார். மூடியை வைத்து மூடினார். சிவப்பு நூல் கட்டிய காதைத் துணியால் துடைத்தார்.

"இவதான் அக்கா அந்த ஆள்" என்று உரிமையாளர் அறிமுகப்படுத்தினார்.

"வணக்கம்" என்றேன் நான்.

"வணக்கம்" என்றார் அன்ரி.

உரிமையாளருக்கு எங்கள் முகங்களில் இருந்தது எதுவும் விளங்கவில்லை. "அக்கா, நீங்கள் அந்தக் கடற்கரைப் பூங்காவுக்குத்தானே போறியள்? இவவும் அங்கைதான் போக வேணுமாம். ஏத்திக்கொண்டு போங்கோவன்."

அப்படித்தான் நானும் மன்னார் அன்ரியும் ஒரே காரில் போனோம். அவர் முன் இருக்கையில், மடியில் ஒரு அட்டைப்பெட்டி. பின் இருக்கையில் கிடாரம், பெல்ட் போட்டபடி. கறி வாசம் கார் முழுக்க நிறைந்திருந்தது. நாங்கள் காலநிலையைப் பற்றிக் கதைத்தோம். மழை வருமா என்றேன். ஒக்லாந்தில் அதைக் கேட்கக் கூடாது என்றார். பெட்டிக்குள் என்ன என்று கேட்டேன்.

"சலாட்."

எட்டிப் பார்த்தேன். முழு லெட்யூஸ் நாலு, பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. முழு வெள்ளரிக்காய்கள். மண் ஒட்டிய கரட். தக்காளி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெட்டும் பலகையும் கத்தியும். கறிச் சீட்டை எடுத்ததற்கு இது எனக்கான தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டர்வேயில் ஏறியபிறகு அவரே பேச்சைத் தொடங்கினார்.

"தங்கச்சி, நான் ஜெபக்கூட்டத்தாலை வாறன்."

"என்ன ஜெபக்கூட்டம், அன்ரி?"

"சனிக்கிழமையிலை பெண்கள் ஜெபக்கூட்டம். நீங்கள்தான் நடத்திறனீங்கள்."

எங்கள் சபையில் சனிக்கிழமை ஜெபக்கூட்டம் இல்லை. நான் எதையும் நடத்தியதும் இல்லை.

"மகனுக்கு அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன். ரெண்டு வருஷமாச்சு. நான் வேலைக்குப் போறதெண்டால் அவன் விடமாட்டான். நான் ஊரிலை பட்ட கஷ்டம் காணுமாம். கரண்டிலை சாயிற கதிரை ஒண்டு வாங்கித் தந்திருக்கிறான். பட்டனை அமத்தினால் காலைத் தூக்கும். அதிலை இருந்தால் நான் செத்துப்போவன், தங்கச்சி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "நீங்கள் என்ரை வேலையைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். நான் கறியைப் பற்றித் திறக்கமாட்டன்" என்றார். அந்த ஒப்பந்தத்தோடு போய்ச் சேர்ந்தோம்.

பூங்காவில் பொஹுதுகாவா மரங்கள் சிவப்பாகப் பூத்திருந்தன. மேசைகளை வரிசையாக இழுத்துப் போட்டிருந்தார்கள். அன்ரியின் மகன், பிள்ளைகள் ஓடும் இடத்துக்கும் பார்பெக்யூ அடுப்புக்கும் நடுவில் நாலு செம்மஞ்சள் கூம்புகளை வைத்திருந்தார். ஒவ்வொரு குடும்பமாகச் சாப்பாட்டை இறக்கியது. வடை வந்தது, பருப்பு வந்தது, கத்தரிக்காய்ப் பிரட்டல் வந்தது, மஞ்சள் சோறு வந்தது. ஒன்றும் இரண்டாம் தடவை வரவில்லை. போதகர் வெற்றி பெற்ற தளபதி மாதிரி கேசரிக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்போது மாசித் தம்பதிகளின் கார் வந்தது. டிக்கியைத் திறந்தார்கள். டிக்கி நிறைய, பின் இருக்கை நிறைய, மனைவியின் மடியிலும், டாய்லெட் பேப்பர்.

"மூணு லேயர்க்கா" என்றான் கணவன், மூச்சு வாங்க. "லாவெண்டர் வாசனை. ஆளுக்கு ரெண்டு எடுப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, அதனால எழுபத்திரண்டு வாங்கிட்டோம்."

நான் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, பிக்னிக்குக்கு எழுபத்திரண்டு டாய்லெட் ரோல் ஏன் எண்டு யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சோம்க்கா. போன வருஷம் எல்லாரும் ஏதோ ஒரே சாப்பாட்டச் சாப்பிட்டு ரொம்பக் கஷ்டப்பட்டதாப் பேசிக்கிட்டாங்க. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

ரோல்ஸ் என்றால் என்ன என்று விளக்கினோம். அவன் மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவர் முதலில் சிரிக்க, பிறகு எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அவளும் கைக்குள் இருந்தே சிரித்தாள். எங்களுக்கு அதிக நேரம் சிரிக்கக் கிடைக்கவில்லை. கடல் பக்கமிருந்து ஒரு மழை வந்து நாலு நிமிடம் கொட்டிவிட்டுப் போனது. சாப்பாடெல்லாம் மூடி இருந்தது. வாங்குகளும் மேசைகளும் தொப்பலாக நனைந்துவிட்டன. துடைக்க ஒரு துணி இல்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு டாய்லெட் ரோலை எடுத்துத் துடைத்தோம். பூங்காவே லாவெண்டர் மணந்தது. பக்கத்தில் கூடியிருந்த சமோவாக் குடும்பம் ஒன்று இருபது ரோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு தட்டு நிறையப் பன்றி இறைச்சி கொடுத்தது.

சாப்பாடு தொடங்கியது. நான் கறிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நின்றேன். அன்ரியின் மகன் தட்டோடு வந்தார்.

"அக்கா, ஒண்டு கேக்க வேணும். அம்மா ஜெபக்கூட்டத்திலை எப்பிடி?"

அன்ரி இரண்டு பேர் தள்ளி நின்று தக்காளி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"முழு மனசோடை ஈடுபடுவா" என்றேன்.

"வரேக்கை வெங்காய மணமா வாறா. சாப்பாடும் குடுக்கிறனீங்களோ?"

"சின்னதா ஏதும்."

அவர் திருப்தியாகப் போனார். கத்தி மறுபடியும் நடந்தது.

கறியைச் சாப்பிட்ட ஒவ்வொருவரும் என்னிடம் வந்தார்கள். இவ்வளவு காலமும் எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்றார்கள். கை ராசி என்றார்கள். ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கண்ணோடு வந்து சேர்ந்த என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். நான் ஒவ்வொரு பாராட்டையும் வாங்கும்போது அன்ரியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். அவரால் தாங்க முடியாமல் ஒருமுறை வந்து, எல்லோருக்கும் கேட்க, ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார்.

"ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போச்சு, தங்கச்சி. பரவாயில்லை, முதல்தரம்தானே."

"ஓம் அன்ரி, அடுத்த முறை குறைக்கிறன்" என்றேன்.

"அய்யோ, குறைக்காதீங்க, சரியா இருக்கு!" என்றார் போதகர்.

அன்ரியின் முகத்தில் சந்தோஷம் வந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டார்.

எங்கள் சபையில் ஈப்போவிலிருந்து வந்த மலேசிய அங்கிள் ஒருவர் இருக்கிறார். எழுபது வயது. மனதில் பட்டதை அப்படியே சொல்வார். அவர் மூன்றாம் முறை தட்டோடு வந்தார். கறியை ஊற்றிக்கொண்டு அன்ரியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பத்து வருஷமா உங்க கறி சாப்பிடுறேன். நல்லாத்தான் இருக்கும். ஆனா இது வேற மாதிரி லா. இது உங்க கறியத் தூக்கிச் சாப்பிட்டிருச்சு."

அன்ரி கத்தியை மேசையில் வைத்தார். மகனைப் பார்த்தார். கிடாரத்தைப் பார்த்தார். அங்கிள் ஒரு எலும்பை எடுத்துச் சத்தமாக உறிஞ்சினார். அதுதான் அவரை உடைத்தது என்று நினைக்கிறேன்.

"அது என்ரை கறி!" என்று அன்ரி கத்தினார். "என்ரை கிடாரம், என்ரை தூள், என்ரை கை! இவவுக்கு முட்டை பொரிக்கத்தான் தெரியும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அகப்பையைப் பிடித்தபடி நின்றேன். "ஓம், கடையிலை வாங்கினது" என்றேன். "அன்ரிதான் அங்கை சமைக்கிறா. எனக்கு இண்டைக்குக் காலமைதான் தெரியும்."

என்னைக் கண்டிக்க யாராவது வாய் திறப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் திறக்கவில்லை. அது எனக்கே விசித்திரமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் போதகர் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லணும். கேசரி... அதுவும் அங்கதான்."

வடை கொண்டுவந்தவர் தன் செருப்பைப் பார்த்தபடி, "வடையும்" என்றார். "பருப்பும்" என்று ஒரு குரல் வந்தது. கத்தரிக்காய்ப் பிரட்டல், மஞ்சள் சோறு, கோழிப் பொரியல். மேசை நீளத்துக்கு ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் ஒப்புக்கொள்ள எதுவும் இல்லாமல் நின்றவர்கள் பேப்பர் தட்டுக் கொண்டுவந்தவர்களும் மாசித் தம்பதிகளும் மட்டும்தான்.

"எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சியள்?" என்றார் அன்ரி. கோபம் இறங்கி, இப்போது அவர் குரலில் களைப்புத்தான் இருந்தது. "உங்கடை ஏதனங்கள் எல்லாத்தையும் பத்து வருஷமாக் கழுவி அனுப்பியிருக்கிறன். இண்டைக்குப் போய்ப் பாத்தால் வரிசையா வந்து கிடக்கு. ஐயாவின்ரை தட்டத்திலை 'போதகர் வீடு' எண்டு பெயின்ட்டிலை எழுதிக் கிடக்கு. விடியப்புறம் மூண்டரைக்கு எழும்பினனான். முழுச் சபைக்கும் நான் ஒராளாய்ச் சமைச்சுப்போட்டு, சலாட் வெட்ட எனக்கு எங்கை நேரம்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்த வெட்டாத லெட்யூஸ் தண்டனை இல்லை என்று. சீட்டுப் போட்டு, ஜெபித்து, அத்தனை குடும்பத்துக்கும் பிரித்துக் கொடுத்த எல்லா வேலையும் சுற்றிச் சுற்றி ஒரே மனுஷியின் அடுப்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வெட்கமாக இருந்தது. நான் போய் அவர் கையிலிருந்த கரட்டை வாங்கினேன். போதகர் வந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக்கொண்டார். வேறு சிலரும் வந்தார்கள். ஒரே ஒரு கத்திதான் இருந்தது. மற்றவர்கள் கையால் பிய்த்தார்கள்.

அந்த நேரம் முழுவதும் மகன் அசையாமல் நின்றார். சோறு தட்டில் அப்படியே இருந்தது.

"அம்மா, அப்ப ஜெபக்கூட்டம்?" என்று கேட்டார்.

அன்ரி லெட்யூஸின் உறையைக் கழற்றினார். மகன் என்னைப் பார்த்தார். நான் கரட்டைச் சுரண்டினேன்.

"ரெண்டு வருஷமோ?"

"ஓம்."

"அந்த அடுப்படியிலையோ? கொதி எண்ணெய்க்குப் பக்கத்திலையோ?"

"ஓம் தம்பி. பிறகென்ன, குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்திலையோ சமைக்கிறது?"

மகனுக்கு முகம் சிவந்தது. பொய் சொன்னதற்காகச் சத்தம் போடப் போகிறார், அல்லது அழப் போகிறார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் மெதுவாகக் குனிந்து அன்ரியின் கால்களைப் பார்த்தார். அன்ரி ஒரு சோடி றப்பர்ச் செருப்புப் போட்டிருந்தார். ஒன்றின் வார் பிய்ந்து ஊசி குத்தியிருந்தது.

"இந்தச் செருப்போடையோ?" என்றார். "அம்மா, எண்ணெய் சிந்தின தரையிலை, இந்தச் செருப்போடையோ ரெண்டு வருஷம் நிண்டனீங்கள்?"

"வழுக்கினால் பிடிக்கிறதுக்கு மேசை இருக்கு" என்றார் அன்ரி, சமாதானமாக.

மகன் தட்டை வைத்துவிட்டுக் கடல் பக்கம் நடந்துபோனார். அன்ரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பின்னால் போனார். இருவரும் தண்ணீர் ஓரத்தில் நின்று நீண்ட நேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அன்ரி கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பது தெரிந்தது. ஒரு கட்டத்தில் பட்டனை அமத்துவது போலவும் கால் மேலே எழும்புவது போலவும் நடித்துக் காட்டினார். மகனின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று என் கணவரைக் கேட்டேன். "தூரத்துக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்" என்றார்.

திரும்பி வந்தபோது மகன் முதலில் கறிக் கிடாரத்துக்கு வந்தார். தட்டை நீட்டினார். நான் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"அக்கா, அந்தக் கடையிலை அடுப்புக்கு மேலை புகை இழுக்கிற ஃபேன் இருக்கோ? வேலை செய்யுதோ?"

திங்கட்கிழமையே அவர் அந்தக் கடைக்குப் போனாராம். உரிமையாளர் என்னிடம் பிறகு சொன்னார். மூன்று பக்கத்துக்கு ஒரு பட்டியல் கொடுத்து, தீயணைப்புப் போர்வையைத் தானே சுவரில் மாட்டிவிட்டு, அம்மா நிற்கும் இடத்துக்கு வழுக்காத பாய் விரித்துவிட்டுத்தான் வந்தாராம். கடைசியில் ஒரு பார்சல் ஆட்டிறைச்சிக் கறியும் வாங்கினாராம். சனிக்கிழமைகளில் இப்போது அவரே காரில் கொண்டுபோய் அம்மாவை இறக்கிவிடுகிறார்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு அன்ரி கொஞ்சம் பிந்தி வந்தார். வரும்போதே பலகைத் தரையில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. மெரூன் பட்டுச்சேலை, தலையில் மல்லிகை மாதிரித் துணிப்பூ, காலில் இரும்பு முனை வைத்த கறுப்புச் சப்பாத்து, கணுக்காலுக்கு மேல்வரை. கட்டடத் தொழிலாளர்கள் போடுவது. என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"மகன் வாங்கித் தந்தது. வேலைக்கு முதல் ஒரு கிழமை போட்டுப் பழக வேணுமாம்" என்று என் காதுக்குள் சொன்னார். "காலிலை ஆட்டுக்கல்லு விழுந்தாலும் ஒண்டும் செய்யாதாம், தங்கச்சி."

முதல் பாட்டு தொடங்கியது. அன்ரிக்குப் பாடும்போது காலால் தாளம் போடும் பழக்கம் உண்டு. இரண்டாம் அடியில் மண்டபம் அதிர்ந்தது. போதகர் பாடுவதை நிறுத்தாமல் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார்.